கானவனுக்கும் மாதிரிக் கட்டுரையா?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பெற்றோர்களிடமிருந்து ஒரே முறையீடுதான். "எந்நேரமும் கணினி விளையாட்டு, ஐயா. கூப்பிட்டால் காது கேட்பதில்லை." ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு சாரார் சொல்வர். காலத்திற்கேற்ப மாறத்தான் வேண்டும் என்று மற்றொரு சாரார் சொல்வர். இரு சாராருமே ஒன்றை மட்டும் செய்வதில்லை. பிள்ளை அந்த விளையாட்டுக்குள் உண்மையில் என்னதான் செய்கிறான் என்று அருகில் அமர்ந்து பார்ப்பதில்லை.

பார்த்தால் தெரியும். கெடுதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், நாம் தேடுகிற இடத்தில் அஃது இல்லை. நல்ல விளையாட்டு பிள்ளைக்குச் சிந்திக்க இடம் தருகிறது. பிள்ளையோ அந்த இடத்தில் சிந்திக்காமல், இணையத்தில் யாரோ எழுதிவைத்த விடையைப் படியெடுத்து ஒட்டிவிட்டுப் போகிறான். அவனுக்கு இந்தப் பழக்கம் விளையாட்டிலிருந்து வரவில்லை. நம் வகுப்பறையிலிருந்தும் நம் வீட்டு மேசையிலிருந்தும் போனது. இதைத்தான் இக்கட்டுரையில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சான்றுக்கு ஒரே ஒரு விளையாட்டையும் அதில் வரும் ஒரே ஒரு பாத்திரத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கானவன் யார்?

வேடமேற்பு விளையாட்டு என்று ஒருவகை உண்டு. ஆடுபவர் தமக்கென ஒரு கதைமாந்தரை உருவாக்கி, அம்மாந்தராகவே கதைக்குள் நடமாடுவார். இவ்வகை விளையாட்டுகளுக்குத் தாய், 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதற்குக் கணினி தேவையில்லை. தாள், எழுதுகோல், பகடை ஆகியவற்றை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்ப்பேச்சால் ஆடுவது. போர்வீரன், மந்திரவாதி, பூசகர் எனச் சில தொழில்வகைகள் அதில் இருந்தன. மறு ஆண்டே, 1975-இல், அந்நிறுவனத்தின் இதழ் ஒன்றில் 'ரேஞ்சர்' என்னும் புதிய தொழில்வகை அறிமுகமானது. டோல்கீன் எழுதி 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புதினத்தில் வரும் அரகோர்ன் என்னும் காட்டுவழிக் காவலனே இதற்கு முன்மாதிரி.

'ரேஞ்சர்' என்பதை வனச்சரகர் என்று பெயர்த்தால் சீருடை அணிந்த அரசு அலுவலர்தான் கண்முன் வருவார். சங்க இலக்கியம் காட்டில் வாழும் வேட்டுவனைக் கானவன் என்று குறிக்கும். பொருள் முற்றும் ஒன்றாகாது. ஆயினும், காட்டை அறிந்தவன், வில் ஏந்தியவன் என்னும் அளவில் நன்கு பொருந்துவதால் இக்கட்டுரையில் கானவன் என்றே எழுதுகிறேன்.

கானவன் விந்தையான பாத்திரம். போர்வீரனைப் போலச் சண்டையிடுவான். ஆனால், கனத்த கவசம் பூண்டால் அவனுடைய தனித்தன்மை போய்விடும். சிறிது மந்திரமும் அறிவான். ஆனால், மந்திரவாதிக்கு ஈடாக மாட்டான். ஒளிந்து நடப்பான், ஓசை கேட்பான், விலங்குகளோடு பழகுவான், காயத்திற்கு மருந்திடுவான். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்பதால் எல்லாவற்றிலும் அவன் சிறந்து விளங்க முடியாது. ஆகவே, கானவனை உருவாக்குகிறவர் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தே தீர வேண்டும். மற்றப் பாத்திரங்களை விட்டுவிட்டு இவனைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே கரணியம்.

முப்பது புள்ளிகள்

கனடாவைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் 2002-இல் 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. மேலே சொன்ன மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு விதிகளின்படி அமைந்தது அது. 2018-இல் புதுப்பித்த பதிப்பும் வெளிவந்ததால் இன்றைய கணினிகளிலும் அதனை ஆட முடிகிறது.

ஆட்டம் தொடங்கும் முன்பே மாந்தரை உருவாக்க வேண்டும். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், ஈர்ப்பு என ஆறு பண்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் 8-இல் தொடங்கும். அவற்றை உயர்த்துவதற்கு நம் கையில் 30 புள்ளிகள் தரப்படும். இங்கேதான் நயம் இருக்கிறது. 14 வரை ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு புள்ளி விலை. 15, 16 ஆகியவற்றுக்குத் தலா 2 புள்ளிகள். 17, 18 ஆகியவற்றுக்குத் தலா 3 புள்ளிகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பண்பை 14 ஆக்க 6 புள்ளிகள் போதும். அதையே 16 ஆக்க 10 புள்ளிகள் வேண்டும். 18 ஆக்க 16 புள்ளிகள் வேண்டும். அதாவது, ஒன்றே ஒன்றில் உச்சத்தைத் தொட விரும்பினால் கையிருப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். மீதமுள்ள 14 புள்ளிகளை ஐந்து பண்புகளுக்குப் பங்கிட வேண்டும். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நாம் நடத்தும் கணித வினாக்களில் இதைவிடச் சுவையானது எத்தனை இருக்கும்?

பண்புகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதையும் பிள்ளை உணர வேண்டும். கானவனுக்கு மந்திரம் 4-ஆம் படிநிலையில்தான் கைகூடும். அதற்கு விவேகம் வேண்டும். அறிவு 8 என்று விட்டுவிட்டால், முதற்படிநிலையில் அவனுக்குக் கிடைக்கும் திறன் புள்ளிகள் 12 மட்டுமே. அறிவு 14 என்றால் 24. (இனத்தால் வரும் கூடுதலைச் சேர்க்கவில்லை.) அறிவைக் குறைத்து வலிமையைக் கூட்டினால் வாள்வீச்சு ஓங்கும், ஆனால், கேட்டல், காணல், ஒளிதல், மருத்துவம் என்னும் திறன்களில் சரிபாதி போய்விடும். இழப்பில்லாத தேர்வு இவ்விளையாட்டில் கிடையாது.

அடுத்து, சிறப்புப் பகை. தன் வாழ்நாளெல்லாம் எந்த இனத்தை எதிர்த்துப் பயின்றவன் என்று கானவன் முதற்படிநிலையிலேயே அறிவிக்க வேண்டும். அவ்வினத்தை எதிர்க்கும்போது அவன் தாக்குதல் கூர்மையாகும். அவ்வினத்தின் அரவம் அவன் காதுக்கும் கண்ணுக்கும் எளிதில் புலப்படும். பிறகு 5, 10, 15, 20 என ஐந்து படிநிலைகளுக்கு ஒருமுறை இன்னொரு பகையைச் சேர்த்துக்கொள்ளலாம். 6-ஆம் படிநிலையில் ஓநாய், கரடி, பருந்து முதலியவற்றுள் ஒன்று துணையாக வரும்.

பிள்ளையின் முன் இருக்கும் வினாக்களைப் பாருங்கள். நீ யாரை எதிர்த்து வளர்ந்தவன்? உன்னோடு நடப்பது எது? எதில் நீ வலியவன்? எதில் வலுக்குறைந்தவனாக இருக்கச் சம்மதிக்கிறாய்? இவ்வினாக்களுக்கு விடை சொன்னால் ஓர் ஆள் பிறந்துவிடுவான்.

இத்தனைக்கும் நடுவே, அதே திரையில் 'பரிந்துரை' என்று ஒரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் எல்லாப் புள்ளிகளையும் கணினியே பங்கிட்டுவிடும். பிள்ளை ஒரு வினாவுக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை.

"அப்படித்தான் போட்டிருந்தது, ஐயா"

என்னிடம் படித்து இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியில் தன் கானவனைக் காட்டினான். வலிமை 16, சுறுசுறுப்பு 14, உடலுறுதி 16, விவேகம் 12, அறிவும் ஈர்ப்பும் 8. கூட்டிப் பார்த்தால் முப்பது சரியாக வந்தது. "இதுதான் ஆகச் சிறந்த பில்டு, ஐயா" என்றான் பெருமையாக. பாத்திரக் கட்டமைப்பைப் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

"இவனுக்கு ஏன் அறிவு 8?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் போட்டிருந்தது, ஐயா."

"ஏன் செத்தெழுந்த பிணங்களைச் சிறப்புப் பகையாகத் தேர்ந்தெடுத்தாய்?"

"அதுவும் அப்படித்தான் போட்டிருந்தது."

அக்குறிப்பை எழுதியவர் ஆட்டத்தை முழுவதும் முடித்தவர். எந்தப் பகைவர் எத்தனை முறை வருவர் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. கணக்கு முற்றிலும் சரி. ஆனால், கானவன் என்பவன் யார்? அறியாத நிலத்தில் அடிச்சுவட்டைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறவன். அப்படிப்பட்டவனை, கதையின் முடிவைத் தெரிந்த ஒருவர் எழுதித் தந்த குறிப்பைப் பார்த்து உருவாக்குவது எத்துணை முரண்! வழி காண்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பிறர் போட்ட வழியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அன்று அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். எந்தக் குறிப்பையும் பாராமல், பரிந்துரைப் பொத்தானையும் தொடாமல், புதிதாக ஒருவனை உருவாக்கிக் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு மணிநேரத்திற்கு மேல் ஆனது. சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம் நான்கும் 14. ஈர்ப்பு 12. வலிமை வெறும் 10. இதற்கும் முப்பது புள்ளிகள்தாம்.

"இவன் தோட்டத்துப் பையன், ஐயா. தாத்தாவோடு காட்டுக்குப் போய் எல்லாம் கற்றுக்கொண்டவன். சண்டைக்கு முன்னால் பேசிப் பார்ப்பான். அதனால்தான் ஈர்ப்புக்கு நான்கு புள்ளி" என்றான். கானவனுக்குப் பேச்சுத்திறன் இரு மடங்கு விலை என்பதை அவனே கண்டுபிடித்து, அவ்விலையைக் கொடுத்தே வாங்கியிருந்தான். பகைப் பட்டியலில் விலங்கினமும் இருந்தது. "விலங்கைப் பகை என்று சொல்லிவிட்டு அப்புறம் எப்படி, ஐயா, ஓநாயைத் துணைக்குக் கூப்பிடுவது?" என்று அதை ஒதுக்கிவிட்டு, ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்காது என்பதால் உருமாறிகளைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

இவன் முதற் கானவனைவிட வலுக்குறைந்தவன். தொடக்கச் சண்டைகளிலேயே பலமுறை மாண்டான். ஆனால், முதலாமவனைப் பற்றி ஒரு வரி பேசத் தெரியாத மாணவன், இவனைப் பற்றி நிறுத்தாமல் பேசினான். தாத்தா வந்தார், தோட்டம் வந்தது, காரணங்கள் வந்தன. மொழியாசிரியருக்கு இதற்கு மேல் வேறு என்ன வேண்டும்?

இந்த நோய் எங்கே தொடங்கியது?

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் தன்கதை என்று ஒரு கட்டுரை வகை கற்பிக்கப்படுகிறது. மாணவன் தன்னை ஒரு பொருளாகவோ உயிராகவோ கற்பனை செய்துகொண்டு, அதன் வாயால் அதன் கதையைச் சொல்ல வேண்டும். வேறு சொற்களில் சொன்னால், அதுவும் வேடமேற்பு விளையாட்டேதான். கணினியும் வேண்டாம், பகடையும் வேண்டாம். எத்துணை அருமையான பயிற்சி!

அதை எந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்? நாற்பது பயிற்சி ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். பேனா தொழிற்சாலையில் பிறக்கும். நண்பர்களோடு கனவுந்தில் ஏறும். கடையில் கண்ணாடிப் பேழைக்குள் அமரும். ஒரு நாள் ஒருவர் வந்து வாங்குவார். சில காலம் மகிழ்ச்சியாக உழைக்கும். பிறகு குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் விடும். மிதிவண்டியும் இப்படியே. காலணியும் இப்படியே. குடையும் இப்படியே. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நாற்பது பிள்ளைகள் எழுதிய நாற்பது தன்கதைகளிலும் 'தன்' என்பதும் இல்லை, கதையும் இல்லை.

பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டதா? இல்லவே இல்லை. மாதிரிக் கட்டுரை நூலை வாங்கிக் கொடுத்து, "இதை மனப்பாடம் செய், எந்தத் தலைப்பு வந்தாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொடுத்த கல்விப் பழக்கத்தின் விளைவு இது. அந்நூல்களை எழுதியவர்கள் ஆசிரியர்கள். விற்றவர்கள் நம்மவர்கள். வாங்கிக் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். யு.பி.எஸ்.ஆர் தேர்வுக்காக என்று அப்போது நியாயம் சொன்னோம். அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. மனப்பாடக் கட்டுரை மட்டும் அகலவில்லை. இப்போது அதற்குத் துணையாகச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. தலைப்பைச் சொன்னால் போதும், பேனா ஒரு நொடியில் பிறந்து மறு நொடியில் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

ஆறு ஆண்டுகள் இவ்வாறு பயின்ற பிள்ளை, ஒரு விளையாட்டில் "நீ யார்?" என்ற வினாவைக் கண்டதும் என்ன செய்வான்? மாதிரி விடையைத் தேடத்தான் செய்வான். நன்றாகப் பயின்றிருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும்!

ஒரே படிநிலைக் கானவர்கள்

இணையக் குறிப்புகள் சொல்லிக்கொடுத்த இன்னொரு தந்திரத்தையும் கேளுங்கள். மூன்றாம் பதிப்பு விதிகளின்படி, கானவனாக ஒரே ஒரு படிநிலை பயின்றாலே இரு கைகளிலும் வாளேந்திப் போரிடும் ஆற்றல் இலவயமாகக் கிடைத்துவிடும். மற்றத் தொழிலினர் அதற்குப் பல தேர்வுகளைச் செலவிட வேண்டும். ஆகவே, பலர் என்ன செய்தார்கள்? முதற்படிநிலையில் கானவன். ஆற்றல் கைக்கு வந்ததும் அடுத்த படிநிலையிலேயே போர்வீரனாக மாறிவிடுவார்கள். காட்டை அறியாத கானவன். 6-ஆம் படிநிலையில் வரவிருக்கும் விலங்குத் துணை அவனைத் தேடி வருவதே இல்லை. இக்குறை பலராலும் பேசப்பட்டு, 2003-இல் வந்த திருத்தப் பதிப்பில் மேசை விளையாட்டின் கானவன் மாற்றியமைக்கப்பட்டான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வருமே! ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, "எஸ்.பி.எம் தேர்வில் தமிழுக்கு ஏ கிடைப்பது கடினம், மொத்தத் தேர்ச்சியைக் கெடுத்துவிடும்" என்ற கணக்கில் தமிழ்மொழிப் பாடத்தையே விட்டுவிடும் மாணவர்களை நாம் அறிவோம். தமிழ் இலக்கியத்தின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. விட்டுவிடச் சொல்கிறவர்கள் பல வேளைகளில் பெற்றோர்களே. கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு விலகிவிடுவது என்னும் இந்தக் கணக்கும், ஒரே படிநிலைக் கானவனின் கணக்கும் ஒன்றுதான். ஆனால், விளையாட்டின் விதியைத் திருத்தப் பதிப்பாளர் ஒருவர் இருந்தார். மொழிக்கு நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்?

சில மறுப்புகளும் என் விடைகளும்

1. *"ஆட்டம் என்றால் வெல்லத்தானே வேண்டும்? வலுக்குறைந்த கானவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?"*

நெவர்விண்டர் நைட்ஸில் கடினத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. மாண்டுபோனால் மீண்டும் எழலாம். சிறிது பொன்னும் பட்டறிவுப் புள்ளியும் குறையும், அவ்வளவே. தோல்வி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இடத்தில்கூட நம் பிள்ளை தோற்க அஞ்சுகிறான் என்றால், உண்மை வாழ்க்கையில் எங்கே துணிவான்? எந்தப் பாடத்துறை, எந்தத் தொழில் என்று தேர்ந்தெடுக்கும் நாளிலும் "அப்படித்தான் போட்டிருந்தது" என்றுதானே சொல்வான்?

2. *"வழிகாட்டிக் குறிப்பைப் படிப்பதும் வாசிப்புதானே?"*

விதிகளைப் படிப்பது வாசிப்புதான். அதை வரவேற்கிறேன். 15-க்கு ஏன் இரண்டு புள்ளிகள் விலை என்று விதிநூலில் தேடிப் படிக்கும் பிள்ளை கற்கிறான். ஆனால், விதி வேறு, விடை வேறு. விதி, உன் முன் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும். விடைக் குறிப்போ, எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும். இலக்கணம் கற்பிப்பதற்கும் கட்டுரையை எழுதிக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

3. *"தொடக்க நிலையில் மாதிரி வேண்டாமா? சாரம் இல்லாமல் கட்டடம் எழுமா?"*

வேண்டும். மெதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால், கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். சாரத்துக்குள்ளேயே குடியிருக்க யாரும் சொல்வதில்லை. ஆண்டு 4-இல் கொடுத்த மாதிரியை ஆண்டு 6 முடியும் வரையில் கையில் வைத்திருக்கச் செய்வதை எந்தக் கல்விக் கோட்பாடு ஏற்கும்?

4. *"இவ்விளையாட்டுகளில் வன்முறை இருக்கிறதே?"*

இருக்கிறது. மறுப்பதற்கில்லை. நெவர்விண்டர் நைட்ஸ் அமெரிக்கத் தரப்படுத்தலில் 13 அகவைக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது. 2023-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டிலும் கானவன் உண்டு. ஆனால், அது 17 அகவைக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் உரியது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அது போகவே கூடாது. விளையாட்டை வாங்கும் முன் அட்டையில் உள்ள அகவைக் குறியைப் பார்ப்பது பெற்றோரின் கடமை. விளையாட்டு நேரத்துக்கு வரம்பு விதிப்பதும் கடமையே. நான் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. தடையை மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கணினியைப் பூட்டிவிட்டு, அதே கையால் மாதிரிக் கட்டுரை நூலை நீட்டினால் என்ன பயன்?

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு: கானவனை உருவாக்கக் கணினியே தேவையில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுங்கள். ஆறு பண்புகளை எழுதச் செய்யுங்கள். முப்பது புள்ளிகளையும் மேலே சொன்ன விலைப்பட்டியலையும் கரும்பலகையில் எழுதுங்கள். புள்ளிகளைப் பங்கிட்ட பின், ஒவ்வொரு பண்பின் எதிரிலும் 'ஏனெனில்' என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பகைவன் யார், துணை எது என்பதற்கும் ஒவ்வொரு வாக்கியம். இந்த எட்டு வாக்கியங்களும் எழுதி முடித்த பிறகு, அக்கானவனின் தன்கதையை எழுதச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் பிறந்து குப்பைத் தொட்டியில் முடியும் கதை அங்கு வராது. வர வழியில்லை.

ஒன்றில் கவனமாக இருங்கள். "எது சிறந்த கானவன்?" என்று வகுப்பில் போட்டி வைத்துவிடாதீர்கள். அன்றே அதற்கும் ஒரு மாதிரி உருவாகிவிடும். புள்ளியின் உயரத்திற்கு மதிப்பெண் வேண்டாம். 'ஏனெனில்' என்பதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கு: உங்கள் பிள்ளை இத்தகைய விளையாட்டை ஆடும் அகவையினன் என்றால், ஒரு நாள் அருகில் அமர்ந்து, "இவன் யார்? இவனுக்கு ஏன் இந்தப் பண்பு குறைவு?" என்று தமிழில் கேளுங்கள். விளையாட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் தாழ்வில்லை. தெரியாத அம்மாவுக்கு விளக்கிச் சொல்வதைப் போன்ற நல்ல மொழிப்பயிற்சி வேறு எதுவுமில்லை. பிள்ளை விடை சொல்லத் தடுமாறினால் திட்டாதீர்கள். தான் உருவாக்காத ஒருவனைப் பற்றி யாரால்தான் பேச முடியும்? பரிந்துரைப் பொத்தானைத் தொடாமல் இன்னொருவனை உருவாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு அலமாரியில் மாதிரிக் கட்டுரை நூல் இருக்கிறதா? தூக்கி எறிய வேண்டாம். பிள்ளை தானே ஒரு கட்டுரையை எழுதி முடித்த பிறகு, அந்நூலில் உள்ளதை எடுத்து, "இதில் உனக்கு எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். நூலைப் பார்த்து எழுதிய பிள்ளை, நூலையே திருத்தத் தொடங்குவான்.

படியெடுத்த கானவன் எல்லாச் சண்டையிலும் வெல்லக்கூடும். ஆனால், அந்த வெற்றி குறிப்பை எழுதியவருக்கு உரியது. நம் பிள்ளைகள் தமக்கென ஒரு கானவனை உருவாக்கட்டும். அவன் வலுக்குறைந்தவனாக இருக்கட்டும், நான்கு முறை தோற்கட்டும், ஐந்தாம் முறை தானே வழி காணட்டும். தன் கானவனைத் தானே உருவாக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன்கதை எழுதத் தெரியும். தன்கதை எழுதத் தெரிந்த பிள்ளை, நாளை தன் பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்க்க மாட்டான்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, சிந்திப்போம்! செயல்படுவோம்!